பட்டாளத்தில் மேப் போட்ட அப்பா: அவரிடமிருந்து கதையை எப்படி வாங்கினோம்

எங்கள் அப்பா இருபது வருஷத்துக்கு மேல் ராணுவத்தில் இருந்தார். துப்பாக்கியைப் பற்றி அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. பயிற்சிக் காலத்தில் பிடித்திருப்பார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் கையில் இருந்ததெல்லாம் கோணம் அளக்கும் தியோடலைட்டும் பென்சிலும் வரைபலகையும். 1960களின் கடைசியில் பெங்களூர் போய் ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பி.யூ.சி.யில் கணக்கு படித்திருந்ததால் சர்வே பக்கம் அனுப்பினார்கள். 1990 வாக்கில் பென்ஷனோடு ஊருக்கு வந்துவிட்டார்.

எங்கள் ஊர் சின்னமனூர் பக்கம். பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. காலாட்படையில் இருந்தவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து 1971 போரைப் பற்றிப் பேசும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வாயைத் திறக்க மாட்டார். அவர் செய்தது என்ன வேலை என்று எங்களுக்கே சரியாகத் தெரியாமல் பல வருஷம் போய்விட்டது. கொஞ்ச காலமாகத்தான் நானும் அண்ணனும் அம்மாவும் சேர்ந்து அதைத் தேடி எடுத்து எழுதி வைக்கிறோம். ராணுவத்தில் சர்வேயராக, டிராஃப்ட்ஸ்மேனாக, மேப் அச்சடிக்கும் இடத்தில் வேலை பார்த்தவராக யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் எங்கள் அனுபவம் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில், கேள்வி. "அங்க எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டால் "குளிரா இருந்துச்சு" என்பார். "எங்கெல்லாம் போனீங்க?" என்றால் "வடக்க" என்பார். இதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. போரைப் பற்றிக் கேட்டால் "நான் சண்டைக்கா போனேன்" என்று எழுந்து போய்விடுவார். தான் செய்தது சொல்லும்படியான வேலை இல்லை என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. எங்களுக்கு வழி திறந்தது, எங்கள் ஊர் மேப்பை அவர் முன்னால் விரித்தபோது.

நாட்டுக்கே மேப் போடும் அரசுத் துறையான சர்வே ஆஃப் இந்தியா 2017-ல், தன்னுடைய 250-வது ஆண்டில், பொதுமக்களுக்கான ஐம்பதாயிரம் அளவு (1:50,000) மேப் தாள்களை இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டது. அண்ணன் எங்கள் ஊர் இருக்கும் தாளை எடுத்து மதுரையில் ஒரு கடையில் பெரிதாக பிரிண்ட் போட்டு வந்தான். கடைக்காரர் அதைத் தாளின் அகலத்துக்கு அடக்கிக் கொடுத்திருந்தார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உள்ளே போய் ஸ்கேல் எடுத்து வந்து ஓரத்தில் வைத்துப் பார்த்தார். "இது அம்பதாயிரம் இல்ல. ரெண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் வரணும். சுருங்கியிருக்கு" என்றார். அதனால் சொல்கிறேன், பிரிண்ட் எடுக்கும்போது நூறு சதவீத அளவிலேயே எடுக்கச் சொல்லுங்கள். போன் திரையில் காட்டுவது இவர்களிடம் எடுபடாது. விரல் வைத்து ஓட்ட முழுத் தாள் வேண்டும்.

சரியான அளவில் வந்ததும் தாளைக் கட்டிலில் விரித்தோம். அன்று மத்தியானம் ஆரம்பித்த பேச்சு விளக்கு வைக்கும்வரை ஓடியது.

"நம்ம ஊரு 58 ஜி/5" என்றார். அவர் சொன்னது மேப் தாளின் பழைய எண். இப்போது இணையத்தில் தருகிற தாளின் எண் சி43 என்று தொடங்கும் வேறு முறை, அதனால் தேடும்போது குழம்ப வேண்டாம். ஆனால் அப்பா தலைமுறைக்கு ஊர் என்றாலே பழைய எண்தான். நாலு டிகிரிக்கு நாலு டிகிரி ஒரு பெரிய சதுரம், அதற்கு 58. அதைப் பதினாறாக வெட்டி ஆங்கில ஏ (A) முதல் பி (P) வரை எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் மறுபடி பதினாறாக வெட்டி ஒன்று முதல் பதினாறு. மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்து அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். அண்ணன் மகன் சோதித்துப் பார்க்க "நாகர்கோவில் தாத்தா?" என்றான். "58 ஹெச்/8." "மதுரை?" "58 கே/1." யோசிக்கவே இல்லை. பிறகு சரிபார்த்தோம், எல்லாம் சரி.

அதன்பின் மேற்கே கையை வைத்தார். பழுப்பு நிறத்தில் சம உயரக் கோடுகள் கேரள எல்லை மலையில் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. கோட்டுக்குக் கோடு இருபது மீட்டர் உயரம், ஐந்தாவது கோடு கொஞ்சம் தடிமன். கோடுகள் விலகியிருக்கும் இடத்தில் முல்லைப் பெரியாறும் நெல்வயலும். "இதுல ஆளு எங்க ஏறலாம், வண்டி எங்க ஏறலாம்னு கோட்டப் பாத்தாலே தெரியும்" என்றார். இத்தனை வருஷம் அந்த மலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மேகம் இறங்கும் மலை என்பதற்கு மேல் அதில் எதுவும் தெரிந்ததில்லை.

அவர் காட்டியதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன எழுத்து. கண்மாய்க் கரை ஓரத்தில் ஓர் எண்ணும் அதை ஒட்டி ஆங்கில ஆர் எழுத்தும் போட்டிருக்கும். கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம் அது கிடையாது. கரையின் அடியில் நிற்பவனுக்குக் கரை எவ்வளவு உயரம் என்பது. ஆறு ஆர் என்றால் ஆறு மீட்டர். "கடல் மட்டத்துலேர்ந்து முந்நூறு மீட்டர்னா ஜவானுக்கு என்ன பிரயோசனம்? முன்னால நிக்கிற கரை எம்புட்டு, அதுக்குப் பின்னால ஆளு மறைய முடியுமா, வண்டி தாண்டுமா, அதத்தான் கேப்பான்." அதே மாதிரிதான் கிணறும். கட்டுக்கிணறு, கட்டாத கிணறு, இரண்டுக்கும் தனித்தனிக் குறி. வற்றாத குளம் நீலம், வற்றுகிற ஓடை கறுப்பு. ஒரு படை நடந்து வந்தால் தண்ணீர் எங்கே என்பதற்கான பதில் அந்தத் தாளில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு மேப் என்றால் முதலில் அதுதான்.

சொந்த ஊரை வாசித்துக் காட்டிய பிறகு இமயமலைக்குத் தானாகவே வந்தார். நாங்கள் கேட்கவில்லை. ஊர் மலையைக் காட்டி, "இதெல்லாம் கண்ணுக்குத் தெரியிற மலை. அங்க மேகம் விலகுற வரைக்கும் உக்காந்திருக்கணும்" என்று ஆரம்பித்தார்.

அவர் சேர்ந்தது 1962 சீனப் போர் முடிந்து சில வருஷங்களில். அந்தப் போரில் இன்றைய அருணாச்சல எல்லையில் நம்கா சூ ஆற்றுப் பகுதியில் கையில் இருந்த மேப்புகள் தரையோடு ஒத்துப்போகவில்லை என்று அங்கே இருந்த அதிகாரிகளே பின்னால் எழுதியிருக்கிறார்கள். எந்த முகடு எங்கே இருக்கிறது என்பதே தகராறாக இருந்த இடம் அது. சர்வே ஆட்களுக்கு அந்த நினைவு உறுத்திக்கொண்டே இருந்ததாம். "மேப்புல ஒரு ஓடை தப்பா இருந்தா அங்க ஒரு செக்‌ஷன் வழி தவறிப் போகும்" என்று அவர்களுடைய சுபேதார் சொல்வாராம். செக்ஷன் என்றால் சிப்பாய்களின் ஒரு சின்ன அணி. அதை அப்பா சொன்னபோது குரல் மாறியது. தான் சண்டைக்குப் போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், சண்டைக்குப் போனவனின் உயிர் தன் பென்சில் முனையில் இருந்ததை அவ்வளவு வருஷமும் மறக்காமல் சுமந்திருக்கிறார். எனக்கு அன்றுதான் அவர் செய்த வேலை முழுசாகத் தெரிந்தது.

வேலை எப்படி நடக்கும்? அக்டோபர் வாக்கில் ஃபீல்டுக்குக் கிளம்பினால் மழைக்கு முன்னால் திரும்புவார்கள். கூடாரம், ரேஷன், கோவேறு கழுதை, கருவிகளைத் தூக்க கலாசிகள். ஓர் உச்சியில் தியோடலைட்டை நிறுத்தி மற்ற உச்சிகளுக்குக் கோணம் எடுப்பது. ஒவ்வொரு கோணத்தையும் டெலஸ்கோப்பைத் திருப்பிப் போட்டு மறுபடி எடுக்க வேண்டும், கருவியில் இருக்கும் பிசகு அப்போதுதான் அடிபட்டுப் போகும். உயரத்துக்கான கோணங்களை மத்தியானத்துக்கு மேல் எடுப்பார்கள். காற்றில் ஒளி வளைவது அந்த நேரத்தில்தான் குறைவாகவும் நிலையாகவும் இருக்குமாம்.

எழுதுகிற புத்தகத்தில் அழிரப்பர் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதிக் கையெழுத்துச் சுருக்கம் போட வேண்டும். பழைய எண் கீழே படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் அம்மா சிரித்துவிட்டார். எங்கள் வீட்டுப் பால் கணக்கு நோட்டு இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு கோடு, மேலே புது எண், பக்கத்தில் அப்பாவின் கையெழுத்துச் சுருக்கம்.

அடுத்து, அம்மாவைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். அப்பா முன்னால் அம்மா "அவருக்குத்தான் தெரியும்" என்று ஒதுங்கிவிடுவார். அடுப்படியில் கேட்டால் வேறு கதை வரும். மழைக்காலம் முழுக்க அப்பாவுக்கு உட்கார்ந்து வரையும் வேலை. அந்தச் சமயத்தில் எங்களுக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. அம்மா சொன்னது: "அந்த மாசமெல்லாம் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டாரு. கையில எண்ணெய்ப் பிசுக்கு பட்டா ஷீட்டுல மை ஒட்டாதாம். தோசையக்கூட ஸ்பூன்ல பிச்சுத் திம்பாரு." கெட்டியான பென்சில்களை உப்புத்தாளில் தேய்த்து உளி மாதிரி சீவி வைப்பாராம். பிறகு மை போய், பூச்சுப் பூசிய பிளாஸ்டிக் தாள் வந்தது. கீழே விளக்கு எரியும் மேஜையில் அதை வைத்து, ரத்தின முனை வைத்த கருவியால் பூச்சைக் கோடு கோடாகச் சுரண்டி எடுப்பது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தாள். மலைக்கோடுகள் ஒன்றில், தண்ணீர் ஒன்றில், ரோடும் வீடும் ஒன்றில். கழுத்து வலி அப்போது பிடித்ததுதான், இன்னும் விடவில்லை. அப்பா வாயிலிருந்து இதில் பாதிகூட வந்திருக்காது.

கேட்பதைவிடச் செய்யச் சொல்வது இன்னும் நல்லது. ராணுவத்தில் விமானப் படங்களை இரண்டிரண்டாகக் கண்ணாடிக் கருவியில் வைத்து, மலை மேடாக எழுந்து தெரியும்படி பார்த்திருக்கிறார் என்று தெரிந்ததும், நான் மொட்டை மாடியில் நின்று தோப்பைப் போனில் ஒரு படம் எடுத்தேன். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து இன்னொன்று. இரண்டையும் சின்னதாக பிரிண்ட் எடுத்து, ஒரே தென்னை இரண்டு படத்திலும் ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் வரும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நடுவில் ஓர் அட்டையை நிறுத்தி மூக்கை அதன் மேல் வைத்தால் இடக்கண் இடப்படத்தையும் வலக்கண் வலப்படத்தையும் பார்க்கும். எனக்கு வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. இரண்டு படமும் மிதந்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறின, விலகின. அப்பாவிடம் கொடுத்தேன். கண்புரை ஆபரேஷன் ஆன கண். அட்டையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, வெறுங்கண்ணால் பார்த்து, கொஞ்ச நேரத்தில் "ஏந்திரிச்சிருச்சு" என்றார். "தென்னை நல்லா நிக்குது. பின்னால மலை தட்டையாத்தான் கெடக்கு. மலை எந்திரிக்கணும்னா ஓரடி பத்தாது தாயி. இங்க ஒண்ணு எடுத்துட்டு ஊர்க்கோடியில போயி ஒண்ணு எடுக்கணும்." விமானம் பறந்துகொண்டே எடுக்கும் படங்களில் ஒன்றில் இருப்பதில் 60 சதவீதம் அடுத்ததிலும் விழும்படி எடுப்பார்கள் என்றும், அந்தப் பொதுப் பகுதியில்தான் மலை எழும் என்றும் அதன்பின் விளக்கினார். வீட்டில் அத்தனை பேருக்கும் அது புரிந்தது.

ஒருமுறை குடும்பத்தோடு தஞ்சாவூர் போயிருந்தோம். பெரிய கோயில் விமானத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்க, அப்பா சொன்னது லாம்டன் கதையை. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலைப் பக்கம் சுமார் ஏழரை மைல் அடிக்கோடு அளந்து வேலையை ஆரம்பித்தவர் வில்லியம் லாம்டன். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த அந்தப் பெரிய சர்வே கடைசியில் இமயமலைச் சிகரங்கள் வரை போனது. 1808-ல் தஞ்சைக் கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது அவருடைய அரை டன் தியோடலைட் கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கிவிட்டது. மனிதர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டிச் சரிசெய்து மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். சமதரையில் தென்னை மறைக்காமல் தூரம் பார்க்க கோபுரத்தை விட்டால் வேறு இடம் கிடையாது என்று அப்பா சொன்னார். அந்த வேலை தமிழ்நாட்டில் தொடங்கியது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

கேட்கக் கூடாததும் உண்டு. எல்லையில் எந்த இடத்தில் எது இருந்தது என்று அப்பா சொல்லவே மாட்டார், நாங்களும் கேட்பதில்லை. எப்படி அளந்தீர்கள் என்று கேட்டால் போதும். ட்ரங்குப் பெட்டியில் பழைய மேப் ஏதாவது இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். கட்டுப்படுத்தப்பட்டது என்ற பொருளில் ஏதாவது அச்சடித்திருந்தால் படம் பிடித்து வாட்ஸாப்பில் போட வேண்டாம். 1923-ஆம் வருஷத்து அலுவலக ரகசியச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. எவ்வளவு பழைய தாள் என்றாலும் ராணுவ அலுவலகத்திலோ சர்வே ஆஃப் இந்தியா அலுவலகத்திலோ கேட்டு ஒப்படைப்பதுதான் சரி.

அவர் எங்கே இருந்தார் என்பதை அவரைத் தொந்தரவு செய்யாமலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அம்மா கட்டி வைத்திருந்த கடிதங்களில் ஊர்ப் பெயரே இருக்காது. ராணுவத் தபால் நிலைய எண்தான் இருக்கும். 99 ஏ.பி.ஓ. என்று இருந்தால் கிழக்குப் பக்கம், 56 ஏ.பி.ஓ. என்றால் மற்ற பக்கம். மெடல்களில் சைன்ய சேவா மெடல் இருந்தால் ரிப்பனில் குறுக்கே ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்கும். ஹிமாலயா, நேஃபா (இன்றைய அருணாச்சலம்), ஜம்மு காஷ்மீர் என்று எந்தப் பகுதிக்காகக் கொடுத்தார்களோ அது அதில் இருக்கும். விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். மெருகு போட்டுத் தேய்த்து அந்த எழுத்தை அழித்துவிடாதீர்கள். போட்டோக்களுக்குப் பின்னால் மெல்லிய பென்சிலால் யார், எந்தப் பக்கம், ஏறக்குறைய எந்த வருஷம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் அமுங்கித் தெரியும்.

பணி விவரம் வேண்டும் என்றால் எங்கே எழுதுவது என்பதில் பலருக்குக் குழப்பம். சர்வே ஆஃப் இந்தியா தனி சிவில் துறை, தலைமையகம் டேராடூன். ராணுவத்துக்குள் இருக்கும் மிலிட்டரி சர்வே வேறு. உங்கள் அப்பா ராணுவ எண் வாங்கியவர் என்றால் அவர் சேர்ந்த படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ்தான் இடம். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு அது பெங்களூரில். பணி முடிந்து வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் எல்லாம் இருக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள்.

டிஸ்சார்ஜ் புக்கை எடுத்தபோது இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. அம்மாவின் பெயர் அதில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. பிறந்த வருஷமும் வேறு. ஒரு காலத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள். அப்பா இருக்கும்போதே இதைச் சரிசெய்யாவிட்டால் பின்னால் குடும்ப பென்ஷனுக்கு அம்மா அலைய வேண்டியிருக்கும். அப்பா கையெழுத்துப் போட்டு, ஆவணங்களை இணைத்து அனுப்பி, சில மாதத்தில் திருத்தம் வந்தது. கதை கேட்க உட்காரும் நாளிலேயே இந்தப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, கூட வேலை பார்த்தவர்கள். பழைய போட்டோவில் அப்பா பக்கத்தில் நிற்பவர் பாலக்காட்டுக்காரர். அண்ணன் தேடிப் பிடித்துப் போனில் பேச வைத்தான். இருவரும் தமிழ், மலையாளம், இந்தி மூன்றையும் கலந்து பேசினார்கள். அவர் எங்களிடம் சொன்னது அப்பா ஒருநாளும் சொல்லாதது. ஒரு பனிச்சரிவில் கோவேறு கழுதை கால் வழுக்கியதும் அப்பா தியோடலைட் பெட்டியை அவிழ்த்துத் தன் முதுகில் கட்டிக்கொண்டு முகாம் வரை நடந்தாராம். கை விரல்கள் மரத்துப்போய் இரண்டு நாள் பென்சில் பிடிக்க முடியவில்லையாம். இதைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். "பெட்டி கீழ விழுந்திருந்தா அந்த சீசன் வேலையே போயிருக்கும்ல" என்றார்.

பாலக்காட்டு மாமாவுக்கும் வயதாகிவிட்டது, போனில் காது சரியாகக் கேட்பதில்லை. ஓணம் முடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போகிறோம். அவர் ஊர் தாளையும் நூறு சதவீத அளவில் பிரிண்ட் எடுத்துச் சுருட்டி வைத்தாயிற்று.